திரையில் இருப்பதை சி நிரலில் திரும்பப் படிக்கும்போது வரும் கோளாறுகள்

பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் ஒரு அறையில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு காலைகளில் உட்கார்ந்து சி பழகுகிறோம். எல்லாருக்கும் ஊர் ஒசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறவர்கள் என்பதால் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதும் பஸ்தான். டெர்மினலில் ஒரு இருக்கை வரைபடம், பத்து வரிசை, இரண்டுக்கு இரண்டு, மொத்தம் 40 இருக்கை, பதிவானது தலைகீழ் நிறத்தில் ஒரு நட்சத்திரக்குறி. கர்சரை நகர்த்தி ஒரு இருக்கைக்குப் போனால் அது காலியா பதிவானதா என்று திரையிலிருந்தே படித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் ஆளுக்கொரு விதமாக மாட்டிக்கொண்டோம். ஒரு தம்பி வாரநாளில் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணி "அண்ணா, திரையில கண்ணால பாக்கறேன், படிச்சா ஒண்ணுமே வரல" என்றார். அந்த மாதிரிப் போன்களில் நான் என்ன வரிசையில் கேள்வி கேட்பேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ், என்கர்சஸ் நூலகம் (டெர்மினல் திரையில் எழுதவும் படிக்கவும் உதவுவது, சுருக்கமாக கர்சஸ்), ஜிசிசி கம்பைலர் இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், ஹெடர் கோப்பைத் திறந்தால் எது எது என்று உடனே தெரியும். கர்சர் நிற்கும் கட்டத்தைப் படிப்பது இன்ச். குறிப்பிட்ட விண்டோவில், அதாவது கர்சஸில் திரைக்காக ஒதுக்கும் ஒரு செவ்வகப் பகுதியில், படிப்பது டபிள்யூ-இன்ச். இடத்தை நகர்த்திவிட்டுப் படிப்பது எம்வி-இன்ச். இரண்டும் சேர்ந்தது எம்விடபிள்யூ-இன்ச்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ச் கண்ணாடித் திரையைப் பார்ப்பதே இல்லை. அந்த விண்டோவுக்காக கர்சஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் கட்டங்களைத்தான் அது படிக்கிறது. யாருடைய நினைவகத்தைப் படிக்கிறோம் என்று கேட்டாலே கீழே உள்ளவற்றில் பாதி தீர்ந்துவிடும்.

கோளாறு: திரையில் எழுத்து தெரிகிறது, படித்தால் வெற்றிடம் வருகிறது

அந்த ராத்திரிப் போன் இதுதான். இதற்கு மூன்று காரணம் உண்டு, மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒன்று, எழுதியது ஒரு விண்டோ, படிப்பது இன்னொன்று. தம்பி தலைப்பை எஸ்டிடிஎஸ்சிஆர் என்கிற முழுத்திரை விண்டோவில் எழுதியிருந்தார், இருக்கைகளை நியூவின் போட்டு உருவாக்கிய தனி விண்டோவில் வரைந்திருந்தார், படிக்கும்போது மட்டும் வெறும் எம்வி-இன்ச். அது எஸ்டிடிஎஸ்சிஆரைத்தான் படிக்கும். நியூவின் தனக்கென்று தனி நினைவகம் எடுத்துக்கொள்கிறது, அதில் எழுதியது எஸ்டிடிஎஸ்சிஆரில் ஒரு எழுத்துக்கூட ஒட்டாது, ஆகவே அங்கே வெற்றிடம்தான் இருக்கும், அதுதான் சரியான விடையும்கூட. எம்விடபிள்யூ-இன்ச் என்று மாற்றி, இருக்கை விண்டோவையும் அந்த விண்டோவுக்குள் இருக்கும் வரிசை, நெடுவரிசை எண்களையும் கொடுத்ததும் சரியாகிவிட்டது. எண்கள் அந்த விண்டோவின் மூலையிலிருந்து தொடங்குபவை, முழுத்திரையின் மூலையிலிருந்து அல்ல. இதை மறந்தால் பக்கத்து இருக்கையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சப்வின், டெர்வின் போட்டு உருவாக்கியவை தாய் விண்டோவின் நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் வராது.

இரண்டு, எழுதியது கர்சஸே இல்லை. நடுவில் எங்கேயோ ஒரு பிரின்ட்எஃப் இருக்கும், இல்லையென்றால் சிஸ்டம் என்கிற ஃபங்ஷன் வழியாக எல்எஸ் மாதிரி ஒரு கட்டளை ஓடியிருக்கும். அந்த எழுத்துகள் நேராக டெர்மினலுக்குப் போகின்றன, கர்சஸுக்கு அவை வந்ததே தெரியாது. கண்ணுக்குத் தெரியும், இன்ச்சுக்குத் தெரியாது, அடுத்த ரீஃப்ரெஷ்ஷில், அதாவது நினைவகத்தில் உள்ளதை கர்சஸ் திரைக்கு அனுப்பும்போது, திரையும் அலங்கோலமாகும். பிரின்ட்எஃப் இருந்த இடத்தில் பிரின்ட்டபிள்யூ போடுங்கள். வெளிக்கட்டளையின் வெளியீடு வேண்டுமென்றால் பீஓபன் மூலம் வரி வரியாக வாங்கி நீங்களே விண்டோவில் எழுதுங்கள்.

மூன்று, எல்லா விண்டோவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இறுதித் தோற்றத்தைப் படிக்க ஆசைப்படுகிறீர்கள். அதற்கு கர்ஸ்-எஸ்சிஆர் என்று ஒன்று இருக்கிறது, டெர்மினலில் இப்போது இருப்பதாக கர்சஸ் நம்புகிற படம் அது. நான் செய்வது இப்படி: எல்லாவற்றையும் ரீஃப்ரெஷ் செய்தபிறகு, நான்கு பூஜ்யம் கொடுத்து நியூவின் மூலம் முழுத்திரை அளவில் ஒரு தற்காலிக விண்டோ, ஓவர்ரைட் என்கிற ஃபங்ஷனால் கர்ஸ்-எஸ்சிஆரை அதில் நகலெடுப்பது, பிறகு நகலைப் படிப்பது. அந்த விண்டோவை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள், படித்து முடித்ததும் டெல்வின் போட்டு அழித்துவிடுங்கள். ரீஃப்ரெஷ் ஆகாத மாற்றங்கள் கர்ஸ்-எஸ்சிஆரில் இருக்காது. ஆனால் சாதாரண விண்டோவைப் படிக்க ரீஃப்ரெஷ் தேவையே இல்லை, எழுதிய அடுத்த வரியிலேயே படிக்கலாம்.

கோளாறு: எழுத்து சரியாக வருகிறது, ஆட்ரிபியூட் எப்போதும் பூஜ்யம்

ஆட்ரிபியூட் என்றால் நிறம், தடிமன் மாதிரி எழுத்தின் தோற்றம். இன்ச் தரும் மதிப்பை சார் வகை மாறியில் போட்டிருப்பீர்கள். அதன் வகை சிஎச்டைப். இன்றைய என்கர்சஸில் கீழ் 8 பிட் எழுத்து, அதற்கு மேல் 8 பிட் நிறச்சோடி (எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் சேர்ந்தது) எண், அதற்கும் மேலே தடிமன், அடிக்கோடு, தலைகீழ் நிறம் போன்றவற்றுக்கு ஒவ்வொரு பிட். சார் மாறியில் 8 பிட்டுக்குத்தான் இடம், மேலே இருந்ததெல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும், கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

சந்தேகம் வந்தால் முழு மதிப்பையும் எண்ணாக ஒரு கோப்பில் எழுதிப் பாருங்கள், நான் இதை ஒவ்வொரு முறையும் செய்யச் சொல்வேன். நட்சத்திரக்குறியின் எண் 42. தலைகீழ் நிறத்துக்கான பிட்டின் மதிப்பு 262144. ஆக, பதிவான இருக்கையில் 262186 வந்தால் எல்லாம் சரி. அதோடு முதல் நிறச்சோடியும் சேர்ந்திருந்தால் இன்னும் 256 கூடி 262442. வெறும் 42 வந்தால் ஒன்று நடுவில் சார் மாறி இருக்கிறது, அல்லது எழுதும்போதே ஆட்ரிபியூட் போடவில்லை. ஒருமுறை இப்படி எண்ணைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மாஸ்க், அதாவது வேண்டிய பிட்டுகளை மட்டும் வடிகட்டி எடுப்பது, என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோப்பில் எழுத எஸ்டிடி-எர்ருக்கு எஃப்பிரின்ட்எஃப் போட்டு, நிரலை ஓட்டும்போது அதை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். பக்கத்து டெர்மினலில் டெயில் மைனஸ் எஃப் ஓடட்டும். கர்சஸ் ஓடும்போது திரையிலேயே பிழைச்செய்தி அடித்தால் மேலே சொன்ன இரண்டாவது காரணத்தை நீங்களே உண்டாக்குவீர்கள்.

கோளாறு: ஒப்பிட்டுப் பார்க்கும் வரி ஒருமுறைகூட உண்மையாவதில்லை

வரி அநேகமாக இப்படி இருக்கும்:

இன்ச்() & ஏ_சார்டெக்ஸ்ட் == '*'

சி மொழியில் மாஸ்க் செய்யும் & குறியைவிட ஒப்பீட்டுக் குறிக்கு முன்னுரிமை அதிகம். ஆகவே முதலில் ஏ_சார்டெக்ஸ்ட், அதாவது 255, நட்சத்திரத்தின் 42-க்குச் சமமா என்று பார்க்கும், இல்லை என்பதால் பூஜ்யம், எதையும் பூஜ்யத்தோடு மாஸ்க் செய்தால் பூஜ்யம். அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது:

(இன்ச்() & ஏ_சார்டெக்ஸ்ட்) == '*'

மைனஸ் டபிள்யூ-ஆல் தெரிவோடு கம்பைல் செய்தால் ஜிசிசி இந்த இடத்தில் அடைப்புக்குறி போடச் சொல்லி எச்சரிக்கும். அந்தத் தெரிவு இல்லாமல் கம்பைல் செய்யும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

கோளாறு: நிறத்தைத் தப்பாகச் சொல்கிறது

எங்கள் வரைபடத்தில் சோடி 1 காலி, சோடி 2 பெண்களுக்கான இருக்கை, சோடி 3 பதிவானது. பதிவான இருக்கை எல்லாமே பெண்களுக்கானது என்று வந்தது. படித்த மதிப்பை கலர்_பேர்(2) என்பதோடு மாஸ்க் செய்து, பூஜ்யம் இல்லையென்றால் உண்மை என்று எழுதியிருந்தார்கள். தடிமனுக்கு அப்படிச் செய்யலாம், அது ஒற்றை பிட். நிறச்சோடி ஒரு எண். மூன்று என்பது இரும எண்ணில் 11, இரண்டு என்பது 10, இரண்டிலும் ஒரு பிட் பொதுவாக இருப்பதால் மாஸ்க் செய்தால் பூஜ்யம் வராது. பேர்_நம்பர் என்கிற மேக்ரோவில் மதிப்பைக் கொடுத்து சோடி எண்ணை வாங்கி, அதை 2-க்குச் சமமா என்று பாருங்கள்.

சிஎச்டைப்பில் நிறச்சோடிக்கு 8 பிட்தான் என்பதால் 255-க்கு மேற்பட்ட சோடியை இன்ச்சால் படிக்க முடியாது. அவ்வளவு நிறம் வேண்டியவர்கள் கீழே தமிழ் எழுத்துக்குச் சொல்லியிருக்கும் வழிக்குப் போக வேண்டும்.

கோளாறு: எழுத்து 255, எல்லா ஆட்ரிபியூட்டும் ஒரே நேரத்தில் உண்மை

திரைக்கு வெளியே படிக்கிறீர்கள். நகர முடியாதபோது எம்வி-இன்ச் தருவது ஈஆர்ஆர், அது மைனஸ் ஒன்று, குறியற்ற (அன்சைன்ட்) வகைக்கு மாறும்போது எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். தடிமனா? ஆம். அடிக்கோடா? ஆம். எதைக் கேட்டாலும் ஆம் என்று சொல்லும். மாஸ்க் செய்வதற்கு முன்பே, (சிஎச்டைப்)ஈஆர்ஆர் என்பதோடு சமமா என்று பார்த்துவிடுங்கள்.

வெளியே போனதற்குக் காரணம் பெரும்பாலும் ஒய், எக்ஸ் வரிசை மாறியது. கர்சஸில் எப்போதும் வரிசை எண் முதலில், நெடுவரிசை எண் பிறகு. 60-ஆவது நெடுவரிசையைப் படிக்க நினைத்து 60-ஐ முதலில் போட்டால், 24 வரித் திரையில் அப்படி ஒரு வரியே இல்லை. டெர்மினல் சன்னலின் அளவை யாராவது சுருக்கினாலும் இதே கதை. கீ_ரீசைஸ் வரும்போது அளவுகளை மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோளாறு: படித்த பிறகு, அடுத்து எழுதுவது வேறு இடத்தில் விழுகிறது

இன்ச் கர்சரை நகர்த்தாது, ஆனால் எம்வி-இன்ச் முதலில் நகர்த்திவிட்டுத்தான் படிக்கிறது, திரும்ப பழைய இடத்துக்கு வருவதில்லை. படிப்பதற்கு முன் கெட்-ஒய்எக்ஸ் மூலம் இடத்தை வாங்கி வைத்து, படித்ததும் மூவ் செய்யுங்கள். இந்த மூன்று வரியை ஒரு சிறிய ஃபங்ஷனாக எழுதி எங்கும் அதையே கூப்பிடுவது நல்லது.

கோளாறு: காலி இடத்தில்கூட நிறம் இருக்கிறது என்கிறது

பிகேஜிடி போட்டுப் பின்னணி வைத்திருப்பீர்கள். அது அந்த விண்டோவின் எல்லாக் கட்டத்திலும் சேர்ந்துவிடும். காலியா என்று பார்க்க எழுத்துப் பகுதியை மட்டும் இடைவெளியோடு ஒப்பிடுங்கள்.

கோளாறு: கட்டம் வரைந்த இடத்தைப் படித்தால் க்யூ, எக்ஸ், எல், கே என்று ஆங்கில எழுத்து வருகிறது

பாக்ஸ் வரைந்த கோடுகள் மாற்று எழுத்துத் தொகுதியைச் சேர்ந்தவை. விடி100 டெர்மினல் காலத்திலிருந்தே கிடைக்கோட்டுக்கு க்யூ, செங்கோட்டுக்கு எக்ஸ், மூலைகளுக்கு எல், கே, எம், ஜே. கூடவே ஏ_ஆல்ட்சார்செட் என்கிற பிட்டும் வரும், அது இருந்தால் கோடு, இல்லாவிட்டால் நிஜமான எழுத்து. ஆட்ரிபியூட்டைக் கழித்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இந்த வித்தியாசம் தெரியாமல் போகும்.

கோளாறு: தமிழ் எழுத்து குப்பையாக வருகிறது

இதில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் கிடைக்கிற உதாரண நிரல்களில் ஆங்கில எழுத்துக்கு மேல் யாரும் போவதில்லை. எங்கள் வரைபடத்தின் தலைப்பில் ஊர்ப்பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதினோம், இங்கே அது இயல்பான தேவை. தமிழ் 'க'வின் யூனிகோட் எண் பதினாறடிமானத்தில் 0பி95. கன்னடக் 'க'வின் எண் 0சி95. கீழ் 8 பிட்டை மட்டும் எடுத்தால் இரண்டுமே 95. அதாவது எழுத்தைக் கிழித்து வாலை மட்டும் பார்க்கிறோம், அதில் எது தமிழ் எது கன்னடம் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ச்சை எப்படித் திருகினாலும் இது சரியாகாது.

செய்ய வேண்டியவை: இனிட்-எஸ்சிஆருக்கு முன்னாலேயே செட்லொகேல் கூப்பிட்டு எல்சி_ஆல், வெற்றுச் சரம் இரண்டையும் கொடுங்கள், டெர்மினலின் லொகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். என்கர்சஸ்-டபிள்யூ என்று டபிள்யூவில் முடியும் நூலகத்தோடு லிங்க் செய்யுங்கள். ஹெடரைச் சேர்ப்பதற்கு முன் _எக்ஸ்ஓபன்_சோர்ஸ்_எக்ஸ்டெண்டட் என்பதை டிஃபைன் செய்யுங்கள், இல்லாவிட்டால் அகல எழுத்து ஃபங்ஷன்கள் ஹெடரில் கண்ணில் படாமல் போகலாம். பிறகு இன்ச்சுக்குப் பதில் இன்_டபிள்யூசிஎச். அது சிசார்_டி என்கிற கட்டமைப்பை நிரப்பித் தரும். அதை கெட்-சிசாரில் கொடுத்தால் எழுத்துகள் ஒரு அணியிலும், ஆட்ரிபியூட், நிறச்சோடி தனித்தனி மாறிகளிலும் வரும். எழுத்து அணியின் அளவு சிசார்டபிள்யூ_மேக்ஸ் கூட்டல் ஒன்று இருக்கட்டும்.

ஏன் அணி? ஒரு கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட யூனிகோட் எண் உட்காரலாம். 'க்' என்பது க, புள்ளி என்று இரண்டு எண். புள்ளி யூனிகோடில் இடம் பிடிக்காத குறி, அது முந்தைய கட்டத்திலேயே ஏறிக்கொள்ளும். ஈகாரக் குறியும் அதே வகை. ஆனால் காலும் இகரக் குறியும் இடம் பிடிக்கும் குறிகள் என்று யூனிகோட் வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் 'கி' இரண்டு கட்டம் எடுக்கும் வாய்ப்பு உண்டு, 'கீ' ஒரே கட்டத்தில் அடங்கும். நாம் ஒரே எழுத்து என்று படித்து வளர்ந்தது இங்கே கட்டக் கணக்கில் வேறுபடும். உங்கள் கணினியில் எப்படி என்று டபிள்யூசிவிட்த் ஃபங்ஷனில் ஒவ்வொரு குறியையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரி என்பதை ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று எண்ணிப் படித்தால் கண்டிப்பாகத் தவறும். அகலத்தைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் படிக்க வேண்டும்.

கோளாறு: ஒரு வரி முழுக்கப் படித்ததும் நிரல் செத்துப்போகிறது

இன்ஸ்டர் வலது ஓரம் வரை படிக்கும், வெற்றிடங்களையும் சேர்த்து. உங்கள் அணி சிறியதென்றால் பக்கத்து நினைவகத்தில் ஏறிவிடும். எண்ணிக்கை கொடுக்க முடிகிற இன்-என்-ஸ்டரைப் பயன்படுத்தி, முடிவுக்குறிக்கு ஒரு இடம் கூடுதலாக வையுங்கள். இது ஆட்ரிபியூட்டை உதிர்த்துவிட்டு எழுத்தை மட்டும் தரும். ஆட்ரிபியூட்டும் வேண்டுமென்றால் இன்-சிஎச்-என்-ஸ்டர், அதற்கு சிஎச்டைப் அணி, அங்கேயும் ஒன்று கூடுதலாக.

கோளாறு: கல்லூரியில் எழுதிய நிரல் இங்கே கம்பைல் ஆகவில்லை

டர்போ சி-யில் படித்தவர்கள் கெட்டெக்ஸ்ட் என்கிற ஃபங்ஷனால் திரையின் ஒரு செவ்வகத்தை அப்படியே எடுத்திருப்பீர்கள். டாஸில் 80 நெடுவரிசை, 25 வரி, ஒரு கட்டத்துக்கு எழுத்து ஒரு பைட், நிறம் ஒரு பைட், மொத்தம் 4000 பைட். அங்கே திரை நினைவகமே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. லினக்ஸில் கோனியோ ஹெடர் கிடையாது. கெட்டெக்ஸ்ட் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அது செய்திகளை மொழிபெயர்ப்பதற்கானது, பெயர் ஒற்றுமையைத் தவிர எந்த உறவும் இல்லை. அந்தப் பழைய நிரலை கர்சஸில் புதிதாக எழுதுவதே வேகமான வழி. விண்டோஸில் மட்டும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு ரீட்கன்சோல்அவுட்புட் இருக்கிறது, அது கன்சோலின் திரை நினைவகத்தையே படிக்கும்.

எழுதிய நிரலே லிங்க் ஆகவில்லை, எஸ்டிடிஎஸ்சிஆர் கிடைக்கவில்லை என்று வந்தால், கட்டளையில் நூலகத்தின் பெயரை சி கோப்புக்குப் பின்னால் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெபியன், உபுண்டுவில் லிப்என்கர்சஸ்-டெவ் பொதியும் நிறுவியிருக்க வேண்டும்.

கோளாறு: வேறு நிரல் திரையில் எழுதியதைப் படிக்க வேண்டும்

கர்சஸால் முடியாது. டெர்மினல் எமுலேட்டரின் படம் அதனுடைய நினைவகத்தில் இருக்கிறது, உங்கள் நிரலுக்கு அங்கே கதவு இல்லை. ஒரே டெர்மினலில் பல திரைகளை நடத்தும் டிமக்ஸுக்குள் அந்த நிரலை ஓட்டினால் கேப்சர்-பேன் கட்டளை உண்டு, மைனஸ் பி போட்டால் எழுத்தை வெளியே தரும், மைனஸ் ஈ சேர்த்தால் நிறமும் தடிமனும் குறியீடுகளாகக் கூடவே வரும். சி நிரலிலிருந்து பீஓபன் மூலம் இதைக் கூப்பிடலாம். இருக்கை வரைபடத்தை நாங்கள் இப்போது இப்படித்தான் சோதிக்கிறோம், எந்த இருக்கை பதிவானது என்பதை ஒரு அணியில் வைத்துக்கொண்டு, திரையைப் படிப்பதைச் சோதனைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்.

லினக்ஸின் சொந்தக் கன்சோலில், அதாவது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில், டெவ் அடைவிலுள்ள விசிஎஸ்ஏ கோப்புகளைத் திறந்து படிக்கலாம். முதல் 4 பைட்டில் வரிகள், நெடுவரிசைகள், கர்சரின் எக்ஸ், ஒய் என்ற வரிசையில் இருக்கும், அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் ஆட்ரிபியூட்டும். இங்கே ஒய்க்கு முன்னால் எக்ஸ் வருகிறது, கர்சஸ் பழக்கத்தில் மாற்றிப் படித்துவிடாதீர்கள். திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் டிடிஒய் குழுவில் இல்லை.